ஊக்கம் வந்த பிறகு கற்கிறார்களா, கற்கத் தொடங்கிய பிறகு ஊக்கம் வருகிறதா?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 18 ஆண்டுகளாக எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். அண்மைக் காலமாக அலுவலகப் பணியாளர்களுக்கு மாலை நேரத்தில் கணினிப் பயிற்சியும் அளிக்கிறேன். ஆசிரியர் அறையிலும் சரி, பயிற்றுநர்களின் கூட்டத்திலும் சரி, நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் ஒன்றுதான்: "இவர்களுக்குக் கற்க வேண்டும் என்ற ஊக்கமே இல்லை." நானும் அதை நம்பினேன். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் முதல் பத்து நிமிடங்களைச் சாதனையாளர்களின் கதைகளுக்கும் எதிர்காலத்தைப் பற்றிய அறிவுரைக்கும் ஒதுக்கி வந்தேன். கேட்கும்போது மாணவர்களின் முகம் மலரும். கரும்பலகையில் முதல் கணக்கை எழுதியதும் அந்த மலர்ச்சி வடிந்துவிடும்.

ஒரு மாணவி தேர்வுத்தாளை எப்போதும் வெறுமையாகவே கொடுப்பாள். அவளை அருகில் அமர்த்தி, இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலுள்ள எண்களைத் தனியாகவும் கீழுள்ள எண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். தவறு என்று நான் சொல்லவில்லை. ஐந்தில் இரண்டு என்பது பாதியைவிட அதிகமா, குறைவா என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைவாக எப்படி வரும், ஐயா?" என்று அவளே கேட்டாள். அன்று முதல் மூன்று வாரங்களுக்கு, அவளுக்குத் தெரிந்ததைக் கொண்டே அவிழ்க்கக்கூடிய மூன்று கணக்குகளும் அவற்றைவிட ஒரு படி கடினமான நான்காவது கணக்கும் நாள்தோறும் கொடுத்தேன். நான்காம் வாரம் நான் மறந்துவிட்ட ஒரு நாளில் அவளே வந்து அன்றைய கணக்கைக் கேட்டாள்.

அவளுக்கு நான் ஒரு ஊக்கக் கதையும் சொல்லவில்லை, பரிசும் அறிவிக்கவில்லை. ஊக்கத்தை முதலில் ஊட்டிவிட்டுப் பிறகு பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று நாம் எண்ணுவதே தலைகீழானதோ என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது. உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.

பட்டறைக்குரல் எழுதியது:

நீங்கள் வகுப்பறையில் கண்டதை நான் வெல்டிங் பட்டறையில் கண்டிருக்கிறேன். தொடக்கத்தில் எங்கள் பாடத்திட்டத்தின்படி முதல் வாரம் முழுவதும் மின்னோட்டம், ராடு (உருகி இணைப்பாகும் உலோகக் கம்பி) வகைகள், உலோகங்களின் தன்மை என்று கோட்பாடாகவே நடக்கும். இரண்டாம் வாரத்தில்தான் பயிலுநர் ராடைக் கவ்வும் ஹோல்டரைக் கையில் பிடிப்பார். முதன்முதலாக ஆர்க் என்ற மின்பொறிச் சுடரை எழுப்பும்போது ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கி மறுபடியும் தொட்டால் மறுபடியும் ஒட்டும். பத்துப் பேருக்கு முன்னால் இருபது முறை ஒட்டிய பிறகு, மறுநாள் வராதவர்களை "ஆர்வமில்லாதவர்கள்" என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வோம். அப்படி எத்தனை பேரைக் குறித்தோம் என்று இப்போது நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

இப்போது வரிசையை மாற்றிவிட்டோம். பாதுகாப்பு விதிகளை முழுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, முதல் நாளிலேயே தட்டையான தகட்டில் ஆர்க் எழுப்புவதையும் நேராக ஒரு கோடு இழுப்பதையும் மட்டும் செய்யச் சொல்கிறோம். இணைப்பு வேண்டாம், அளவு வேண்டாம். கோடு ஆறியதும் மேலே படிந்திருக்கும் ஸ்லாக் என்ற கசடைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தால், அடியில் மீன்செதில் போன்ற அலைகள் சீராகத் தெரியும், அல்லது எங்கே கை நடுங்கியது, எங்கே வேகம் கூடியது என்று தெரியும். நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை, உலோகமே சொல்லிவிடுகிறது. அந்த ஒரு கோட்டைப் பார்த்த பிறகு, ராடு ஏன் ஒட்டுகிறது, மின்னோட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று அவர்களாகவே கேட்கிறார்கள். முன்பு ஒரு வாரம் உறக்கத்தோடு கேட்ட அதே கோட்பாடு, இப்போது கேள்விக்கு விடையாக வருவதால் மனத்தில் தங்குகிறது.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். அவர்களைப் பட்டறை வாசல்வரை கொண்டு வருவது வேலையும் சான்றிதழும்தான். அதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் வாசலுக்கு உள்ளே அவர்களை நிறுத்துவது வேறொன்று.

அளவுகோல் எழுதியது:

கல்வி உளவியல் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

கரும்பு தின்னக் கூலியா என்று நம் முன்னோர் கேட்டார்கள். கூலி கொடுத்தால் கரும்பின் சுவைக்கே என்ன நேர்கிறது என்பதை உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்தார். கல்லூரி மாணவர்களுக்கு சோமா என்ற கனசதுரப் புதிரைக் கொடுத்தார். மூன்று அமர்வுகளில் இரண்டாவதில் மட்டும் ஒரு குழுவினருக்கு, விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் பணம் வழங்கப்பட்டது. ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் ஆய்வாளர் எட்டு நிமிடங்கள் அறையை விட்டு வெளியேறுவார். அந்த நேரத்தில் மாணவர்கள் இதழ்களைப் புரட்டலாம், சும்மா இருக்கலாம், விரும்பினால் புதிரோடு விளையாடலாம். பணம் பெற்றுப் பழகிய குழுவினர், பணம் நின்ற மூன்றாம் அமர்வில் புதிரைத் தொட்ட நேரம் குறைந்தது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் வரைவதை விரும்பும் மழலையரிடம் இதைப் போன்றதொரு சோதனையை நடத்தினர். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், ஓரிரு வாரங்களுக்குப் பிறகு தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு இந்தச் சரிவு நேரவில்லை. ஆகவே ஆர்வத்தைக் குலைத்தது பரிசுப் பொருளன்று, "இதற்காகத்தான் இதைச் செய்கிறேன்" என்ற கணக்குதான் என்று கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பரிசுகள் எப்போதும் தீங்கானவை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழையாகும். 1994-இல் கேமரூனும் பியர்ஸும் செய்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) அந்தத் தீங்கு மிகைப்படுத்தப்பட்டது என்றது. 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயான் ஆகியோர் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எதிர்பார்க்கப்படும் பொருட்பரிசுகள் ஆர்வத்தைக் குறைக்கின்றன, ஆனால் வாய்மொழிப் பாராட்டு பொதுவாக அதை உயர்த்துகிறது என்று கண்டனர். ஏற்கெனவே சுவையான செயலைப் பற்றியே இந்த விவாதம் பெரிதும் நடந்தது. தொடக்கத்திலிருந்தே சுவையற்றதாக இருக்கும் செயலுக்குப் பரிசு கொடுத்தால் இழப்பதற்கு அங்கே ஆர்வம் இருப்பதில்லை.

நடைமுறையாளர் எழுதியது:

கடைசி வரியைத்தான் நான் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் நிறுவனங்களில் கட்டாயப் பயிற்சிகளை நடத்துபவன். தீப் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு, பணியிட விதிமுறைகள் போன்றவை என் பாடங்கள். இவற்றைக் கரும்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வருகைப் பதிவும் தேர்ச்சி மதிப்பெண்ணும் இல்லை என்று அறிவித்தால் அரங்கில் நாற்காலிகள் மட்டுமே இருக்கும். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை நான் ஏற்பவன் அல்லன், ஆனால் புறக் கட்டாயமே இல்லாத பயிற்சி என்பது விருப்பமுள்ள சிலருக்கு மட்டும் வாய்த்த வசதி என்று கருதுகிறேன். வெல்டிங் கற்க வருபவருக்கு வாழ்க்கைப் பாதை ஒன்று எதிரே இருக்கிறது. ஐந்தாவது முறையாகத் தீப் பாதுகாப்பு வகுப்புக்கு வரும் கணக்கருக்கு என்ன இருக்கிறது?

கணினித் திரையில் நடக்கும் பயிற்சியில் நிலைமை இன்னும் மோசம். 40 நிமிடப் பாடத்தை, "அடுத்து" என்ற பொத்தானை அழுத்தி அழுத்தியே ஏழு நிமிடங்களில் முடித்து, இறுதி வினாக்களுக்குச் சக ஊழியரிடம் விடை கேட்டு எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, எனக்கு நூறு விழுக்காடு நிறைவுற்றதாக அறிக்கை கிடைக்கிறது. கற்றல் எங்கே என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. எனவே உங்கள் கருத்தை மறுப்பதற்காக எழுதவில்லை, என் இடத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

கரும்பலகை எழுதியது:

நேர்மையான கேள்வி. ஐந்தாவது முறை வரும் அந்தக் கணக்கருக்குத் தெரியாத ஏதாவது ஒன்று உங்கள் பாடத்தில் இருக்கிறதா? இருந்தால், அதை முதல் ஐந்து நிமிடங்களில் அவரே கண்டுகொள்ளும்படி செய்ய முடியுமா? எனக்குத் தோன்றும் வழி இதுதான்.

பின்னிருக்கை எழுதியது:

இங்கே எழுதுபவர்கள் அனைவரும் கற்பிப்பவர்களாக இருப்பதால், கற்கும் இடத்திலிருந்து ஒருத்தி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் எங்கள் ஆசிரியர் ஒருவர் கணிதத் தேர்வுத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து கீழாகப் பெயர் வாசித்துக் கொடுப்பார். அவர் எங்களை ஊக்கப்படுத்தவே அப்படிச் செய்தார் என்று இன்று என்னால் நம்ப முடிகிறது. ஆனால் அடுக்கு மெலிந்துகொண்டே வந்து கடைசி நான்கைந்து தாள்கள் மிஞ்சும்போது, என் பெயர் வருவதற்குள் வயிற்றில் ஏற்பட்ட கனம் 41 வயதிலும் மறக்கவில்லை. அந்த வயதில்தான் கணக்குப்பதிவியல் வகுப்பில் சேர்ந்தேன். என் வேலை பறிபோயிருந்தது. எண்களைக் கண்டால் ஓடுபவள் என்று எல்லாரும் அறிந்த நான் வேறு வழியின்றியே சேர்ந்தேன், ஊக்கம் என்று சொல்லத்தக்க எதுவும் என்னிடம் இல்லை.

ஆறாம் வாரம் நான் தயாரித்த இருப்பாய்வில் (பற்றும் வரவும் சமமா என்று சரிபார்க்கும் பட்டியல் அது) பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் 270 ரூபாய் வித்தியாசத்தில் நின்றன. இரண்டு முறை கூட்டிப் பார்த்தும் அப்படியே இருந்தது. பழைய கனம் வயிற்றில் திரும்பியது. தாளை அப்படியே கொடுத்துவிட்டேன், இனி வர வேண்டாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பயிற்றுநர் அதில் மதிப்பெண் போடவில்லை, பிழையை வட்டமிடவும் இல்லை. அடியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த வரி என்னைப் பற்றியதாக இல்லை, கணக்கைப் பற்றியதாக இருந்தது. அன்று இரவு பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். வகுப்பை விட்டு நிற்கும் எண்ணம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

அளவுகோல் எழுதியது:

பின்னிருக்கை அவர்கள் எழுதியதில், "என்னைப் பற்றியதாக இல்லை, கணக்கைப் பற்றியதாக இருந்தது" என்ற தொடரை ஒவ்வொரு ஆசிரியரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். குளூகர், டெனிசி இருவரும் 1996-இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்திற்குப் பிறகு செயல்திறன் குறைந்தே போயிருந்தது. அவர்கள் தந்த விளக்கம், கற்பவரின் கவனத்தைப் பணியிலிருந்து விலக்கி "நான் எப்படிப்பட்டவன்" என்ற கேள்வியின் பக்கம் திருப்பும் பின்னூட்டம் தீங்காக முடிகிறது என்பது. திட்டு மட்டுமன்று, புகழ்ச்சியும் இவ்வாறு திருப்பக்கூடும்.

ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் அடுத்த பணியின் தரமும் உயர்ந்திருந்தன. இரண்டையும் பெற்றவர்கள், குறிப்பே இல்லாமல் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைவிட மேலான பயனை அடையவில்லை. மணிக்கணக்காக உழைத்துக் குறிப்பு எழுதிவிட்டு, அருகிலேயே ஓர் எண்ணையும் எழுதும் ஆசிரியர், தம் உழைப்பைத் தாமே அழித்துக்கொள்கிறார் என்பது எவ்வளவு வருந்தத்தக்க செய்தி.

சுவடி எழுதியது:

நான் ஒரு பள்ளியின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். மேலே எழுதப்பட்டவற்றில் பலவற்றை மதிக்கிறேன், ஆனால் இரண்டு ஐயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, மதிப்பெண் இல்லாத தாளைப் பெற்றோர் ஏற்க மாட்டார்கள். உயர்கல்விக்கான தேர்வும் மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. மாணவரை அதிலிருந்து பாதுகாத்து வைத்துவிட்டு ஒருநாள் திடீரென்று அதன் முன் நிறுத்துவது நியாயமா?

இரண்டாவது, இதுவே எனக்குப் பெரிய கவலை: வெற்றியின் சுவையைக் காட்ட வேண்டும் என்று சொல்லி, எளிய கணக்குகளையே கொடுத்துக்கொண்டிருக்கும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் நட்சத்திரம், எல்லாருக்கும் "மிக நன்று". மாணவர்கள் அறியாதவர்கள் அல்லர். தமக்கு எளிய தாள் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்த கணமே, ஆசிரியர் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று புரிந்துகொள்கிறார்கள். ஊக்கத்தின் பெயரால் தரம் தாழ்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

பட்டறைக்குரல் எழுதியது:

சுவடி ஐயாவின் இரண்டாம் கவலை என் கவலையும்தான். பட்டறையில் போலி வெற்றிக்கு இடமில்லை, இணைப்பை வளைத்துச் சோதித்தால் உண்மை வெளிவந்துவிடும். ஆனால் எளிமை வேறு, படிநிலை வேறு என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். தட்டையான தகட்டில் கோடு இழுப்பவர் அங்கேயே நிற்பதில்லை. அடுத்து டி-வடிவ இணைப்பு, அடுத்து நிமிர்ந்த தகட்டில் கீழிருந்து மேலாக, அதன் பிறகு தலைக்கு மேல். ஒவ்வொரு நிலையிலும் உருகிய உலோகம் அவருக்கு எதிராகப் புவியீர்ப்போடு சேர்ந்துகொள்கிறது. நிமிர்ந்த நிலைக்கு வந்ததும் பெரும்பாலோர் தோற்பார்கள், உலோகம் வழிந்து தொங்கும். அந்தத் தோல்வியை நான் தடுப்பதில்லை. ஆனால் அதற்குமுன் தம் கையால் நாற்பது நல்ல கோடுகளை இழுத்தவருக்கு, "இதுவும் கைக்கு வரும்" என்று நம்பச் சான்று இருக்கிறது. சான்று இல்லாதவரிடம் "உன்னால் முடியும்" என்று எத்தனை முறை சொன்னாலும் அது காற்றோடு போய்விடும்.

அதனால் கடினமான வேலையைக் கொடுப்பதையே நான் மரியாதை என்று கருதுகிறேன். அதை ஏறிச் செல்வதற்குப் படியும் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

அளவுகோல் எழுதியது:

பட்டறைக்குரல் சொல்லும் "சான்று" என்பதைத்தான் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தாக முன்வைத்தார். அந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளை அவர் குறிப்பிட்டார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்க மொழி, செயலின்போது உடலும் மனமும் உணரும் நிலை. இவற்றுள் முதலாவதே வலுவானது என்றார். நாம் மிகுதியாகச் செலவிடுவதோ மூன்றாவதில்.

புகழ்ச்சி பற்றியும் ஒரு சொல். 1998-இல் மியூலரும் டுவெக்கும் நடத்திய ஆய்வில், "நீ அறிவாளி" என்று பாராட்டப்பட்ட சிறுவர்கள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடத் தோல்விக்குப் பிறகு விரைவில் சோர்ந்தனர். ஆனால் இதைத் தொடர்ந்து பரவிய, திறமை முயற்சியால் வளரும் என்று நம்ப வைக்கும் "வளர்ச்சி மனப்பான்மை" பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொண்டாடப்பட்டது மிகையென்றே கருதுகிறேன். 2018-இல் வெளிவந்த தொகுப்பாய்வு அவற்றின் விளைவு சராசரியாக மிகச் சிறியது என்றே காட்டியது. கற்பிக்கும் முறை மாறாமல், மனப்பான்மையை மட்டும் சுவரொட்டியாக மாட்டிவைத்தால் அப்படித்தான் ஆகும்.

எழுத்தறி எழுதியது:

முதியோருக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பவள் நான். இதுவரை பேசப்பட்டது "என்னால் முடியுமா" என்ற கேள்வி. "இது எனக்கு எதற்கு" என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். ஒருவர் இரண்டுக்கும் விடை தேடுகிறார். ஒன்றில் விடை பூச்சியமானால் மற்றொன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. பெருக்கல் கணக்குப் போன்றது அது.

ஆனால் பயனை நாம் எடுத்துச் சொல்லும் முறையில்தான் தவறுகிறோம். "எழுதப் படிக்கத் தெரிந்தால் வாழ்க்கையே மாறும்" என்று நான் சொன்னபோதெல்லாம், இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போல் அவர்கள் தலை குனிந்தார்கள். பிறகு ஒருநாள், நீங்கள் எதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒருவர் மருந்துச் சீட்டு என்றார். ஒருவர் பேருந்தின் பெயர்ப்பலகை என்றார். எழுபதைத் தொட்ட ஓர் அம்மா, இறந்துபோன தம் கணவர் எழுதிய கடிதங்களை வேறொருவர் வாயால் கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது என்றார். அன்றைக்கு மேல் நான் பாடநூலின் வரிசையில் எழுத்துகளைக் கற்பிக்கவில்லை. அந்தக் கடிதத்தின் முதல் சொல்லில் இருந்த எழுத்துகளிலிருந்து தொடங்கினோம்.

இதை அறிவியல் பாடத்தில் ஆராய்ந்தவர்கள் உண்டு. ஹல்மனும் ஹராக்கிவிச்சும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தாம் படித்த பாடம் தம் வாழ்க்கையோடு எங்கே தொடர்புறுகிறது என்று அவ்வப்போது எழுதச் செய்தனர், மற்றவர்கள் பாடத்தின் சுருக்கத்தை எழுதினர். தம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைந்த மாணவர்களிடம், தொடர்பை எழுதியவர்களுக்கே ஆர்வமும் மதிப்பெண்ணும் உயர்ந்தன. ஆசிரியர் தொடர்பைச் சொல்லவில்லை, மாணவரே கண்டெடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நடைமுறையாளர் எழுதியது:

கரும்பலகை அவர்கள் கேட்ட கேள்வி இரண்டு நாள்களாக என்னை விடவில்லை. நேற்றைய தீப் பாதுகாப்பு வகுப்பைப் படவில்லைகளில் தொடங்கவில்லை. ஆபத்தின்றி ஏற்பாடு செய்த திறந்தவெளியில், ஒரு தட்டில் சிறிய தீயை மூட்டி, ஐந்தாவது முறையாக வந்திருந்த ஒருவரிடமே தீயணைப்புக் கருவியைக் கொடுத்து அணைக்கச் சொன்னேன். அவர் ஊசியை எடுக்காமலே பிடியை அழுத்தினார். ஊசியை எடுத்த பிறகு, குழாயைத் தீப்பிழம்பின் உச்சிக்கு நேராகப் பிடித்தார். தீ அணையவில்லை. நான்கு முறை தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றவர் அவர். சுற்றி நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை, ஏனெனில் தாங்களும் அப்படித்தான் செய்திருப்போம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீசிக் காட்டுவதற்கு எனக்கு இரண்டு நிமிடங்கள் போதுமாக இருந்தன. அனைவரும் தாமும் ஒருமுறை செய்துபார்க்க வேண்டும் என்று கேட்டதால் வகுப்பு அரை மணி நேரம் நீண்டது.

வருகைப் பதிவை நான் இன்னும் கைவிடவில்லை, கைவிடவும் போவதில்லை. ஆனால் அது ஆளை அழைத்து வருவதற்கு மட்டுமே உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எங்கள் நிர்வாகம் தேர்ச்சி பெறுவோருக்குப் பணப் பரிசு தரலாம் என்கிறது. என்ன சொல்வது?

அளவுகோல் எழுதியது:

ரோலண்ட் ஃபிரையர் 2011-இல் வெளியிட்ட கள ஆய்வுகளை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் தந்தபோது மதிப்பெண் உயரவில்லை. டாலஸில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு, ஒரு புத்தகத்தைப் படித்துச் சிறு வினாத்தாளில் தேறினால் இரண்டு டாலர் என்று கொடுத்தபோது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் உயர்ந்தது. மதிப்பெண்ணுக்குப் பணம் என்றபோதும் மாணவர்கள் உற்சாகமாகவே இருந்தார்கள், ஆனால் மதிப்பெண்ணை உயர்த்த என்ன செய்வாய் என்று கேட்டால், வினாவைக் கவனமாகப் படிப்பேன் என்பது போன்ற விடைகளே வந்தன. வழி தெரியாதவருக்கு விருப்பத்தை மட்டும் கூட்டினால் எங்கே போவார்? பரிசு கொடுத்தே தீர வேண்டுமென்றால், முடிவுக்கு அன்றி, அவர் கையில் இருக்கும் செயலுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இழையின் முதல் கேள்விக்கும் நேரடியான ஆய்வு ஒன்று உண்டு. கனடாவில் ஏறத்தாழ 1,500 தொடக்கப்பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கணிதத்தில் முன்னர் பெற்ற அடைவு பின்னர் வரும் உள்ளார்ந்த ஊக்கத்தை, அதாவது பாடத்தின் மீதே உள்ள விருப்பத்தை, முன்னறிவித்தது. முன்னர் இருந்த ஊக்கம் பின்னர் வரும் அடைவை முன்னறிவிக்கவில்லை. ஒரு பாடத்தில், ஒரு வயதினரிடம் கண்ட முடிவு என்பதால் இதை எல்லா இடத்திற்கும் நீட்டக் கூடாது, இருந்தாலும் கரும்பலகை அவர்களின் ஐயம் வெறும் ஐயமன்று.

சுவடி எழுதியது:

வரும் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவில், வாராந்தரத் தாள்களில் குறிப்பு மட்டும் எழுதவும், பருவத் தேர்வில் மட்டும் மதிப்பெண் இடவும் அனுமதிக்கலாம் என்று நினைக்கிறேன். பெற்றோருக்கு எழுதும் கடிதத்தை நானே எழுதுகிறேன். தரம் குறைந்தால் நிறுத்திவிடுவேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கரும்பலகை எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. அந்த நிபந்தனை நியாயமானதே. பின்னிருக்கை அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 270 ரூபாயின் கதை எப்படி முடிந்தது? 9-ஆல் வகுபடுவதன் காரணத்தைக் கண்டீர்களா?

பின்னிருக்கை எழுதியது:

கண்டேன். 630 என்று எழுத வேண்டிய இடத்தில் 360 என்று எழுதியிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும் என்பதை, தாளில் வெவ்வேறு எண்களை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். 52-உம் 25-உம், 81-உம் 18-உம் என்று அந்தத் தாள் முழுவதும் கழித்தல்கள். பள்ளியில் பத்தாண்டுகள் கழித்தல் கணக்குப் போட்டிருக்கிறேன், யாரும் கேட்காமல் நானாகப் போட்டது அன்றுதான். இப்போது நான் ஒரு சிறு அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். இருப்பாய்வு பொருந்தாத நாளில் முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பேன்.

கரும்பலகை எழுதியது:

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்குகிறேன். உங்கள் இருப்பாய்வையே, பெயர் இன்றி, பிழையோடு கரும்பலகையில் எழுதலாம் என்றிருக்கிறேன். பத்தாமிட இலக்கத்தையும் ஒன்றாமிட இலக்கத்தையும் எழுத்துகளாக வைத்துக் கழித்தால் அந்த 9 எங்கிருந்து வருகிறது என்பது இரண்டு வரிகளில் தெரிந்துவிடும். அனுமதி தருவீர்களா?

பின்னிருக்கை எழுதியது:

தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த இரண்டு வரிகளை நீங்கள் முதலில் எழுதிக் காட்டிவிடாதீர்கள். எனக்கு ஓர் இரவு முழுவதும் கிடைத்தது, அவர்களுக்கு ஒரு பாடவேளையாவது கொடுங்கள்.